‘சிறையை உடைத்து’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொன்ற வரலாற்றைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் குறைவு. அதற்காக முதலில் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு தொடர் மூன்று இடத்தில் வருகிறது: ‘ஆத்திரமடைந்த கும்பல் சிறையை உடைத்து, கைதியை இழுத்துச் சென்றது.’ கடைசிப் பத்தியில் ‘உள்ளூர் போலீசாரால் தடுக்க முடியவில்லை’ என்று முடித்திருக்கிறார்கள். இரண்டு நாளாக இந்த வரிகள் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 38 வருஷம் போலீசில் இருந்தவன். 1983-ல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன், சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். அதில் 14 வருஷம் ஸ்டேஷன் ரைட்டர். ரைட்டர் என்றால் வெளியாட்களுக்கு ஏதோ குமாஸ்தா மாதிரித் தெரியும். ஸ்டேஷனுக்குள் யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார், பாரா (காவல் நிற்பவர்) யார், லாக்கப் சாவி யாரிடம் என்பதெல்லாம் அவர் கையால்தான் ஜி.டி. என்கிற ஸ்டேஷன் நாட்குறிப்புப் புத்தகத்தில் ஏறும். அதனால் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்த ஊர்ச் சம்பவத்தைப் படித்தாலும் முதலில் நேரத்தைப் பார்ப்பேன். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று.

1964 ஜூன் 21 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், நெஷோபா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நடந்ததை அப்படித்தான் படித்தேன். அங்கே பிலடெல்பியா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அதே பெயருள்ள பெரிய நகரம் வேறு. ஜேம்ஸ் செய்னிக்கு வயது 21, ஆண்ட்ரூ குட்மேனுக்கு 20, மைக்கேல் ஷ்வெர்னருக்கு 24. செய்னி அந்த மாநிலத்துக் கறுப்பினத்தவர். மற்ற இருவரும் நியூயார்க் யூதப் பிள்ளைகள். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் வேலை செய்தவர்கள். அந்த வேலைக்கு இடம் தர இருந்த ஒரு தேவாலயத்தைக் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பின் ஆட்கள் கொளுத்திவிட்டதால், அதைப் பார்க்கப் போயிருந்தார்கள். திரும்பும்போது கவுண்டிப் போலீஸ் அதிகாரியான டெபுடி ஷெரிப் செசில் பிரைஸ் வண்டியை மடக்கினார். அதிவேகமாக ஓட்டியதாகக் காரணம் சொல்லிச் சாயங்காலத்துக்கு முன்பே கவுண்டி சிறையில் அடைத்தார். போன் பேச விடவில்லை. இரவு சுமார் பத்தரை மணிக்கு 20 டாலர் அபராதம் வாங்கிக்கொண்டு மூவரையும் விட்டார்கள்.

அந்தப் பத்தரை மணியில்தான் நான் நின்றுவிட்டேன். வேகமாக ஓட்டினார்கள் என்றால் அபராதம் போட்டு ரசீது கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகும். எதற்கு அத்தனை மணி நேரம்? கொலைக்கு ஆள் சேர அவ்வளவு நேரம் தேவைப்பட்டது. மூன்று பேரும் உள்ளே இருந்த நேரத்தில்தான் வெளியே ஆட்களைக் கூட்டினார்கள், வண்டிகளை ஏற்பாடு செய்தார்கள், உடல்களை எங்கே புதைப்பது என்றும் முடிவு செய்தார்கள். எல்லாம் தயாரான பிறகு கதவு திறந்தது. அதே பிரைஸ் அரசாங்க வண்டியில் துரத்திப் போய் நெடுஞ்சாலையில் அவர்களை மறுபடி நிறுத்தினார். தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்க் கொலைகாரர்களிடம் சேர்த்தார். 44 நாள் கழித்து, ஒரு பண்ணையில் புதிதாகக் கட்டிய மண் அணைக்கட்டுக்கு அடியிலிருந்து மூன்று உடல்களையும் எடுத்தார்கள்.

இதில் எந்தச் சிறை உடைந்தது ஐயா?

இந்தப் பத்தரை மணி எனக்கு ஏன் இப்படித் தைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1988-ல் நான் சென்னையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் இருந்தேன். இன்று அந்த இடம் நகரத்துக்குள் வந்துவிட்டது. ஊர்ப் பெண் ஒருத்தியோடு பேசினான் என்று, காலனியைச் சேர்ந்த 19 வயதுப் பையன் ஒருவனைப் பெண் வீட்டார் பிடித்துக்கொண்டு வந்து விட்டுப் போனார்கள். புகார் எழுத்தில் இல்லை, கேஸ் இல்லை. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அன்று ரைட்டர் விடுப்பு. பாராவும் நான்தான், ஜி.டி. எழுதியதும் நான்தான். இரவு பதினொரு மணிக்கு மேல் எஸ்.ஐ. வந்து, ‘வார்னிங் குடுத்து அனுப்பிடு’ என்றார். பையன் எழுந்திருக்கவில்லை. ‘சார், காலைல போயிக்கிறேன் சார். இங்கயே ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்’ என்றான். ‘இது என்ன சத்திரமா?’ என்று எஸ்.ஐ. சத்தம் போட்டார். அனுப்பிவிட்டேன்.

தெருமுனை தாண்டுவதற்குள் அடித்துப் போட்டுவிட்டார்கள். உயிர் பிழைத்தான். இடது காது போய்விட்டது. மறுநாள் ‘ஸ்டேஷனுக்கு வெளியில நடந்ததுக்கு நாம என்ன பண்றது’ என்றார்கள். எஃப்.ஐ.ஆரில் ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ என்று ஏறியது. ஜி.டி.யில் நான் எழுதியது ஒரே வரி: ‘இரவு 11.10, எச்சரித்து அனுப்பப்பட்டார்.’

‘அடையாளம் தெரியாத நபர்கள்.’ அமெரிக்காவிலும் இதே வாசகம்தான். பட்டப்பகலில் ஊரே கூடி நின்று ஒருவரைத் தூக்கில் போட்டிருக்கும், போட்டோ எடுத்து அஞ்சலட்டையாக விற்றிருப்பார்கள், அட்டையில் முகம் முகமாகத் தெரியும். ஆனால் மரண விசாரணை அதிகாரி ‘அடையாளம் தெரியாத நபர்களால் மரணம்’ என்று எழுதி மூடிவிடுவார். அந்த முகங்களில் பாதியை உள்ளூர் ஷெரிப்புக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடவே தெரிந்திருக்கும்.

ஷெரிப் என்றதும் நம் வாசகர்களுக்குப் பழைய மெட்ராஸ் ஷெரிப் பதவி ஞாபகம் வரலாம். அது கௌரவப் பதவி, விழாக்களில் மாலை போட்டு வரவேற்பதோடு சரி. அமெரிக்க ஷெரிப் வேறு. ஒரு கவுண்டிக்குப் போலீஸ் அதிகாரம், சிறை இரண்டுமே அவர் கையில். ஊர் ஓட்டுப் போட்டுத்தான் அவர் பதவிக்கு வருவார். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரை ஓட்டுப் போட விடாமல் வைத்திருந்த அந்தக் காலத்தில், ஷெரிப் பதில் சொல்ல வேண்டியது வெள்ளையருக்கு மட்டும்தான். வழக்கில் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரியிலும் வெள்ளையர்களே உட்கார்ந்தார்கள். இதைச் சொல்லாமல் ‘தடுக்க முடியவில்லை’ என்று எழுதினால், ஏதோ நாலு போலீஸ்காரர்கள் பெரிய கூட்டத்தின் முன்னால் திணறிப் போனார்கள் என்றுதான் படிப்பவர்களுக்குத் தோன்றும்.

நிஜமாகவே சிறைக் கதவை உடைத்த இடமும் இருக்கிறது. அதையும் பார்ப்போம். 1906, டென்னசி மாநிலம், சட்டனூகா நகரம். எட் ஜான்சன் என்ற கறுப்பின இளைஞர் மீது பாலியல் வன்முறை வழக்குப் போட்டு, அவசர அவசரமாகத் தூக்குத் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். நோவா பார்டன் என்ற கறுப்பின வக்கீல் வாஷிங்டன் வரை போய் உச்ச நீதிமன்றத்தில் தண்டனையை நிறுத்தி வைக்க உத்தரவு வாங்கினார். உத்தரவு தந்தியில் வந்து சேர்ந்தது மார்ச் 19. அன்று இரவே கும்பல் சிறைக்கு வந்தது. ஊரே கொதித்துப் போயிருக்கிறது என்பது ஷெரிப் ஜோசப் ஷிப்புக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு சிறையில் ஒரே ஒரு காவலரைத்தான் வைத்திருந்தார். கதவுகளைச் சம்மட்டியால் அடித்து உடைக்க வெகு நேரம் பிடித்தது. லாக்கப் கதவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை அடித்தால் தெருவே எழுந்துவிடும். ஒரு போலீஸ்காரர்கூட வரவில்லை. இடையில் ஷெரிப் மட்டும் வந்தார், சும்மா இருந்தார். ஜான்சனை ஆற்றுப் பாலத்துக்கு இழுத்துப் போய்த் தூக்கில் போட்டார்கள். ‘கடவுள் உங்கள் எல்லோரையும் ஆசீர்வதிக்கட்டும், நான் நிரபராதி’ என்பது அவருடைய கடைசிச் சொல். அவர் கல்லறையில் அதைப் பொறித்திருக்கிறார்கள்.

இங்கே கும்பல் உடைத்தது உண்மை. உடைக்க அவகாசம் கொடுத்தது யார்? அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்தக் கேள்வியைக் கேட்டது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றில் நேரடியாக நடத்திய ஒரே குற்ற விசாரணை இதுதான். கும்பலின் வேலையை ஷிப் சுலபமாக்கிக் கொடுத்தார், அதற்கு உடந்தையாகவே இருந்தார் என்று 1909-ல் தீர்ப்புச் சொன்னார்கள். தண்டனை 90 நாள். தண்டனை முடிந்து ஊர் திரும்பியபோது வரவேற்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடினார்களாம். அதற்கும் முன்பே, கொலை நடந்த சில நாளில் வந்த தேர்தலில், அதே ஊர் அவரையே மறுபடி ஷெரிப்பாகத் தேர்ந்தெடுத்திருந்தது.

ஒரு ஷெரிப் மனது வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஓக்லஹோமாவின் டல்சாவில், 1920 ஆகஸ்டில், கவுண்டி சிறையிலிருந்து ஒரு வெள்ளைக்கார இளைஞனைக் கும்பல் தூக்கிப் போய்க் கொன்றது. போலீசார் அங்கே போக்குவரத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 1921 மே 31 அன்று, அதே சிறைக்கு டிக் ரோலண்ட் என்ற கறுப்பின வாலிபரைக் கேட்டு கும்பல் வந்தது. லிப்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தார் என்பது குற்றச்சாட்டு. பிறகு அந்த வழக்கே தள்ளுபடி ஆனது. இந்த முறை இருந்த ஷெரிப் மெக்கல்லோ வேறு ஆள். கட்டடத்தின் லிப்டை நிறுத்தினார், மாடிப்படிக்கு மேலே துப்பாக்கியோடு ஆட்களை நிறுத்தினார், எவன் ஏறினாலும் சுடச் சொன்னார். ரோலண்ட் பிழைத்தார். வெளியே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் பூட்டு நின்றது.

ஆனால் அதே ஊர்ப் போலீஸ், ஷெரிப் காத்த அந்த ஒரு உயிருக்கு எதிராக ஒரு பேட்டையையே பலி கொடுத்தது. நகரப் போலீஸ் நூற்றுக்கணக்கான வெள்ளையரை அன்றிரவே ஸ்பெஷல் போலீசாக நியமித்தது. கொலை செய்யத் துடித்துக்கொண்டிருந்தவன் கையில் பேட்ஜ் கிடைத்துவிட்டது. கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் சுமார் 35 தெருத்தொகுதிகள் எரிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பல். 300 பேர் வரை செத்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வீடு இழந்த கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கில் மண்டபத்திலும் மைதானத்திலும் அடைத்து வைத்தார்கள். எரித்தவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்க நீதித்துறை இதை முழுதாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது எப்போது தெரியுமா? 2025 ஜனவரியில். வழக்குப் போடக் குற்றவாளிகளில் யாரும் உயிரோடு இல்லை.

என் மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். 2022-ல் போயிருந்தபோது, ‘அப்பா, உங்களை ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்’ என்று மாப்பிள்ளையை வண்டி எடுக்கச் சொல்லி அலபாமாவின் மான்ட்கமரிக்கு அழைத்துப் போனாள். கும்பல் கொலைகளில் இறந்தவர்களுக்கு 2018-ல் திறந்த நினைவிடம் அங்கே இருக்கிறது. 1877 முதல் 1950 வரை 4,400 பேருக்கு மேல் கணக்கெடுத்திருக்கிறார்கள். துருப்பிடித்த நிறத்தில் ஆளுயர இரும்புப் பெட்டிகள், 800-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் ஒரு கவுண்டியின் பெயர், அதற்குக் கீழே இறந்தவர்கள் பெயர்கள், தேதிகள். நுழையும்போது நம் கண் மட்டத்தில் நிற்கின்றன. நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போகிறது, பெட்டிகள் மேலே மேலே போய்க் கடைசியில் தலைக்கு மேல் தொங்குகின்றன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். சுவரில் சிலர் எதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்று ஒற்றை வரியில் எழுதியிருக்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டதற்காக ஒருவர். அந்த வரிக்கு முன்னால் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். தண்ணீருக்காக அடி வாங்கிய கதைகளை அவள் தன் பாட்டியிடமே கேட்டு வளர்ந்தவள்.

அட்லாண்டாவிலிருந்து மான்ட்கமரி போகிற நெடுஞ்சாலையில் லக்ரேஞ்ச் என்று ஒரு ஊர் வரும். திரும்பும்போது மகள் அதைக் காட்டிச் சொன்னாள். 1940 செப்டம்பரில் அந்த ஊர் லாக்கப்பில் ஆஸ்டின் காலவே என்ற பதின்வயதுக் கறுப்பினப் பையன் இருந்தான். முகமூடி போட்ட ஆறு வெள்ளையர்கள் இரவில் வந்து, சிறைக் காவலரைக் கதவைத் திறக்கச் சொல்லி, அவனைக் காரில் கொண்டுபோய்ச் சுட்டு ரோட்டில் போட்டுவிட்டார்கள். போலீஸ் விசாரிக்கவில்லை. ஒருவரையும் கைது செய்யவில்லை. எழுபது எண்பது வருஷம் ஆகியும் அந்த ஊர்க் கறுப்பின மக்களுக்கு மட்டும் அது மறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் மாட்டியிருந்த பழைய போட்டோக்களைப் பார்த்து இரண்டு வயதான பெண்கள், ‘இவங்கதான் நம்ம ஜனங்களைக் கொன்னவங்க’ என்று பேசிக்கொண்டது ஒரு போலீஸ்காரர் காதில் விழுந்தது. விஷயம் தலைமை அதிகாரி லூயி டெக்மாருக்குப் போனது. அவர் தோண்டிப் பார்த்தார். 2017 ஜனவரி 26 அன்று ஒரு தேவாலயத்தில், ஊர் மக்கள் முன்னால் எழுந்து நின்று, நம் துறை செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் வருந்துகிறேன் என்று சொன்னார். 1940-ல் அவர் பிறந்திருக்கவே இல்லை. அவர் செய்யாத குற்றம் அது. ஆனாலும் அவர் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்.

இவ்வளவும் கும்பல்களைப் பற்றி. கும்பலே தேவைப்படாத இடமும் உண்டு. 1946 பிப்ரவரியில், ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போன சார்ஜென்ட் ஐசக் வுடர்டைத் தென் கரோலினாவில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் போலீஸ் தலைவரே தடியால் அடித்து இரண்டு கண்ணையும் குருடாக்கினார். வெள்ளையர் ஜூரி அந்தப் போலீஸ் தலைவரை அரை மணி நேரத்துக்குள் விடுதலை செய்தது. வுடர்ட் கண் இழந்ததைக் கேட்டுத்தான் அதிபர் ட்ரூமன் கொதித்தார் என்றும், 1948-ல் ராணுவத்தில் நிறப் பிரிவினையை ஒழித்த ஆணைக்கு அது ஒரு காரணம் என்றும் சொல்கிறார்கள்.

நெஷோபாவில் என்ன நடந்தது என்பதையும் முடித்துவிடுகிறேன். மிசிசிப்பி மாநிலம் அப்போது கொலை வழக்கே போடவில்லை. மத்திய அரசு சிவில் உரிமைச் சட்டத்தில் வழக்குப் போட்டு, 1967-ல் ஏழு பேருக்குத் தண்டனை வாங்கியது. பிரைஸுக்கு ஆறு வருஷம். அவருடைய மேலதிகாரி ஷெரிப் ரெய்னி விடுதலை. மாநில நீதிமன்றம் ஒரே ஒருவரை, ஆள் சேர்த்த எட்கர் ரே கில்லனை, 2005-ல் குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. அதுவும் ஜூன் 21. நாள் மாறாமல் 41 வருஷம்.

இது அமெரிக்கா விவகாரம், நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். தர்மபுரி வாச்சாத்தியில் 1992-ல் பழங்குடி மக்கள் மேல் பாய்ந்தவர்களில் 269 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். அத்தனை பேரும் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள். தீர்ப்பு வர 19 வருஷம் ஆனது, அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் சொன்னதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் உறுதி செய்தது. அந்தச் செய்தி வந்த அன்று நான் பழைய சகாக்கள் சிலருக்குப் போன் போட்டேன். ஒருவர்கூட அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

ஆசிரியர் அவர்களே, ‘சிறையை உடைத்து’ என்று எழுதினால் குற்றம் முழுக்க முகம் தெரியாத கும்பலுக்குப் போய்விடும். சாவி வைத்திருந்தவர், பாராவைக் குறைத்தவர், பேட்ஜ் கொடுத்தவர், பத்தரை மணிக்கு விடுவித்தவர், இவர்களுக்கெல்லாம் பெயர் இருந்தது, சம்பளம் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. அடுத்த முறை இந்த வரலாற்றைப் போடும்போது, கதவை யார் திறந்தார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது கட்டுரையாளருக்குக் கஷ்டமான காரியம் இல்லை. அமெரிக்கர்களே நீதிமன்ற ஆவணங்களில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் 1988 ஜி.டி. புத்தகம் இத்தனை நாளில் அழிக்கப்பட்டிருக்கும். காலக்கெடு முடிந்தால் அழித்துவிடுவது நடைமுறை. அதில் நான் எழுதாமல் விட்டதை உங்கள் பத்திரிகையில் எழுதிக்கொள்கிறேன்.

இரவு 11.10 மணி. காலை வரை ஸ்டேஷனிலேயே இருந்துகொள்கிறேன் என்று பையன் இரண்டு முறை கேட்டான். எதிரே, பூட்டிய டீக்கடை வாசலில் எட்டுப் பேர் நின்றார்கள். இரண்டு பேர் கையில் கட்டை இருந்தது. எஸ்.ஐ. பார்த்தார், நானும் பார்த்தேன். கதவைத் திறந்துவிட்டது நான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காவல் சிறப்பு உதவி ஆய்வாளர்,
அயனாவரம், சென்னை 600 023